நூறு புளியங்கொட்டையில் உங்கப்பாரு எது?

கொழிஞ்சாம்பாறை
10-3-1976

கோயமுத்தூரில் டாக்டராயிருக்கும் என் மகன் வயிற்றுப் பேரன் ஆறுமுகசாமிக்கு ஆத்தா பழனாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கு என் ஊட்டுக்காரர், உன் தாத்தன் உங்கப்பாரும் மாடு கன்றும் சுகம். உன் கடுதாசி வந்த நாளிலிருந்து எனக்குத்தான் சுகமில்லை.

பொங்கலுக்கு வந்தவன் உங்கப்பாரு கையில் பட்டை கட்டிப் பார்த்து ரத்தக்கொதிப்பு என்றாய். இந்த மாத்திரையைத் தின்றால் பக்கவாதம் வருவது பாதியாய்க் குறையும் என்றாய். நான் பால் சொசைட்டியில் நின்று, நூத்துக்கு அம்பது பேரை என் பேரன் காப்பாத்துகிறான் என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன். பழைய கம்பவுண்டர் குப்பண்ணன், "பாதி சரிங்காத்தா, எதுல பாதிங்க?" என்றான். அவன் வாயை அடைக்கத்தான் உனக்கு எழுதிக் கேட்டேன். நீ என்னடாவென்றால், அப்பாரைப் போல நூறு பேர் மாத்திரை தின்னாமலிருந்தால் அஞ்சு வருசத்தில் ரெண்டு பேருக்கு வாதம் வரும், நூறு பேரும் தின்றால் ஒருத்தருக்கு வரும், ரெண்டு ஒண்ணானால் பாதிதானே ஆத்தா என்று எழுதியிருக்கிறாய். படிச்சதும் முறத்தை எடுத்துட்டு உக்காந்துட்டேன் சாமி. நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, கணக்குன்னா வாத்தியார் என்னைத்தான் எழுப்புவார். முறத்துல நூறு புளியங்கொட்டையை எண்ணிப் போட்டேன். தொண்ணூத்தெட்டுக்கு மாத்திரை இல்லாட்டியும் வராது. இன்னொண்ணுக்குத் தின்னாலும் வரும். மிச்சம் ஒரே ஒரு கொட்டை. அதுக்காக நூறு பேரும் தினம் முழுங்கிட்டு, தண்ணி கட்டப் போன உங்கப்பாரு மாதிரி மூத்திரம் முட்டி மண்வெட்டியைப் போட்டுட்டு வேலியோரம் ஓடோணுமா? அந்த ஒருத்தர் ஆருன்னு எந்த டாக்டருக்கும் தெரியாதுன்னு வேற எழுதறே. இத்தனை வருசம் படிச்சு அது தெரியாதா?

தெரிஞ்சவ ஒருத்தி இருக்கிறா. செவ்வாய்க்கிழமை மாரியாத்தா கோயில்ல பூ கேட்டேன். செவப்பு வந்தா உங்கப்பாருதான் அந்த ஒருத்தர், வெள்ளை வந்தா இல்லை. பூசாரி பொட்டலத்தைப் பிரிச்சா வெள்ளை. அன்னிக்கே மாத்திரையை எடுத்து அடுக்குப்பானைக்குள்ள போட்டுட்டேன். உங்கப்பாரு வேலிப் பக்கமே போகாம ரெண்டு வயலுக்குத் தண்ணி கட்டினாரு. இனிமே மாத்திரை அனுப்பாதே. ஆருகிட்டயாவது பாதின்னு சொன்னா, எதுல பாதின்னு அதே மூச்சுல சொல்லிப்போடு.

கண்ணு படாம, நோய்நொடி அண்டாம, நீ தீர்க்காயுசா இருக்கோணும்.

ஆத்தா பழனாத்தாள்

இதை எழுதி வச்சு ரெண்டு நாளாச்சு, கடுதாசியை ஒட்டறதுக்கு முன்னால ஒண்ணு. மாரியாத்தா மேல எனக்குச் சந்தேகமில்லை, பூசாரிக்குத்தான் கண் மங்கல். நேத்து உங்கப்பாரு தலைப்பா கட்டறப்பக் கை ஒருக்கா நழுவிச்சு. எனக்கு உசுரே இல்லை. இன்னிக்கு விடிஞ்சதும் மாத்திரையை நுணுக்கி ராகிக்கூழுல கலக்கிட்டேன். மறுபடி வேலியோரம் ஓடறாரு. ஓடட்டும். மத்த தொண்ணூத்தொம்பது பேரைப் பாத்துக்க அவங்கவங்க ஊட்டுல ஆளிருக்கும். இங்க ஒம்பது மாத்திரைதான் மிச்சம். சீக்கிரம் அனுப்பு.