'வாரேன்' என்றால் வந்தாச்சு

எங்கள் கடற்கரை மக்கள் ஆண்டாண்டு காலமாக எந்த அதிகாரிக்கும் தகவல் சொல்லாமல், வெறும் காற்றையும் நீரோட்டத்தையும் நம்பிக் கடலுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். இந்த வெட்கக்கேட்டுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பொருட்டு, கடலோர மின்செய்தி வாரியம் என்று ஒன்று தோற்றுவிக்கப்பட்டு, அதன் துணை இயக்குநராகத் திரு. தனராஜ் தூத்துக்குடிக்கு அனுப்பி வைக்கப்பட்டார்.

என் பெயர் சுடலைக்கண்ணன். மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி வைத்திருக்கிறேன். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். ஐஸ்காரனுக்கு இவ்வளவு சூடு ஆகாது என்று வீட்டில் தினமும் சொல்லுவார்கள். ஆனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு எனக்குக் கோபம் வரலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

வாரியம் முதலில் அழைப்பிதழ் அடித்தது. 'சர்வர் இல்லாத பங்ஷன் தொடக்க விழா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சர்வர் இல்லாத பங்ஷன் என்றால் நாமே தட்டெடுத்துப் போட்டுத் தின்கிற பஃபே என்றுதானே யாருக்கும் தோன்றும்? பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னைக்காயலிலிருந்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வேன் பிடித்து வந்து தட்டைத் தேடினார்கள். தட்டைக் காணோம். மேடையில் ஒரு திரை மட்டும் இருந்தது.

தனராஜ் மைக்கைப் பிடித்தார். "சர்வர்னா பரிமாறுற ஆள் இல்லை, கம்ப்யூட்டர். பங்ஷன்னா விழா இல்லை. அது ஒரு சின்ன புரோகிராம். கிளவுடுன்னு சொல்ற இன்டர்நெட் மேகத்துல தூங்கிக்கிட்டிருக்கும். ஒரு மெசேஜ் வந்தா முழிக்கும், அதுக்குண்டான வேலையைச் செய்யும், மறுபடி தூங்கிடும்."

மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற சிலுவை எழுந்தான். "உங்க ஆபீஸ் மாதிரியா சார்?"

"அதேதான்" என்றார் தனராஜ் பெருமையாக.

"உங்க ஆபீஸ் முழிச்சு நான் பார்த்ததில்லையே" என்றபடி சிலுவை உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி பிளாரன்ஸ் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

ஏற்பாடு எளிதானது. வள்ளக்காரர்கள் புறப்படும்போது தங்கள் செல்போனிலிருந்து 'போறேன்' என்று செய்தி அனுப்பவேண்டும். ஒரு பங்ஷன் முழித்து, வள்ளம் கடலில் இருப்பதாகப் பதிந்துகொள்ளும். திரும்பும்போது 'வாரேன்' என்று அனுப்பவேண்டும். இன்னொரு பங்ஷன் முழித்து, வள்ளம் கரையேறியதாகப் பதிந்து, என் கம்பெனிக்கு ஐஸ் லாரி அனுப்ப உத்தரவு போடும். பொழுது சாயும்போது, 'போறேன்' வந்து 'வாரேன்' வராத வள்ளம் ஏதும் இருந்தால், மூன்றாவது பங்ஷன் முழித்து மீட்புப் படகை அனுப்பும். இந்த இரண்டு சொற்களையும் மூன்று குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் அளித்தன. கடைசிக் கூட்டத்துக்குப் பயனாளிகள் பிரதிநிதி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "அப்ப நான் வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னே என் கம்பெனிக்கு உத்தரவுகள் குவிந்தன. லாரி கரைக்கு ஓடியது. அங்கே மீனும் இல்லை, வள்ளமும் இல்லை, காக்காய்தான் இருந்தது. மத்தியானம் வள்ளங்கள் வந்து சேர்ந்தபோது என் லாரியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் இதே கூத்து. சில நாள் ஒரே உத்தரவு இரண்டு தடவை வந்தது. கேட்டால், "செய்தி ஒரு தடவையாவது வந்து சேரும்னுதான் உத்தரவாதம். ஒரு தடவைதான் வரும்னு நாங்க சொல்லலையே" என்று பதில்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் சண்டை போடவே வாரியத்துக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பிளாரன்ஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரு இன்னும் கரைக்கு வரல. எல்லா வள்ளமும் வந்துட்டு. இவரு வள்ளத்தை மட்டும் காணோம்."

தனராஜ் திரையைப் பார்த்தார். "பதறாதீங்கம்மா. சிலுவைதானே? காலையிலேயே வந்துட்டாரே."

"காலையில அவரு போனாரு சார்!"

"போனதுக்குப் பதிவே இல்லை. போகாத ஆளை எப்படிம்மா தேடறது?"

"போகாம எப்படி சார் வருவாரு?"

"அதான் எங்களுக்கும் சந்தேகமா இருக்கு. போகாமலே வர்றது விதிமீறல். இருந்தாலும் நீங்க கவலையில இருக்கறதால இப்ப நடவடிக்கை எடுக்கலை. வீட்ல நல்லாத் தேடிப் பாருங்க."

"வீட்டுலயா? கட்டிலுக்கு அடியிலயா பார்க்கச் சொல்லுதீரு?"

அங்கே பானுப்ரியா என்று ஒரு பெண், ஒப்பந்த இஞ்சினியர், கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். "அக்கா, காலையில அண்ணன் என்ன மெசேஜ் போட்டாரு?" என்று கேட்டாள்.

"வாரேன்னுதான் போட்டாரு. பின்ன, கடலுக்குப் போறவன் போறேன்னா சொல்லுவான்? நாக்கு அழுகிராது?"

பானுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நானே இன்னிக்குக் காலையில அம்மாட்ட 'வாரேம்மா'ன்னுட்டுத்தானே வந்தேன்! சார், இந்தக் கடற்கரையில ஒருத்தரும் போறேன்னு அனுப்பவே இல்ல சார். நம்ம கணக்குப்படி தொடங்கின நாள்ல இருந்து கடல்ல ஒரு ஆளும் கிடையாது."

"மாத்திடலாம்" என்றார் தனராஜ். "சென்னையில இணை இயக்குநர் கையெழுத்துப் போடணும். மூணு குழு மறுபடி கூடணும். அதுவரைக்கும் சிலுவையே தன் போன்லேர்ந்து போறேன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டா மீட்புப் படகு தானா கிளம்பிடும்."

"போன் அவருகிட்டல்லா இருக்கு! நடுக்கடல்ல டவர் எங்க கெடக்கு?" என்று நான் கத்தினேன்.

தனராஜ் மேசை மைக்கைப் பிளாரன்ஸ் பக்கம் தள்ளினார். "அப்போ ஒரு வழிதான் இருக்கு. மனைவிங்கற முறையில நீங்க வாய்மொழியா ஒரு வாக்குமூலம் கொடுக்கலாம். 'என் கணவர் போய்விட்டார்' அப்படின்னு தெளிவா மைக்குல சொல்லுங்க."

பிளாரன்ஸ் முகம் சிவந்துவிட்டது.

"மாதாவே! என் புருசன் போயிட்டாருன்னு என் வாயாலயே சொல்லச் சொல்லுதீரா? தாலியைக் கழட்டி உம்ம மேசையில வைக்கணுமாக்கும்? உம்ம வீட்டம்மாவைக் கூப்பிட்டு அந்த மைக்குல சொல்லச் சொல்லும் பாப்போம்!"

"இது வெறும் தொழில்நுட்ப வாசகம்மா..."

அவள் அங்கே நிற்கவில்லை. என் வண்டியிலேயே அவளைப் புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போனேன். வழி முழுக்க ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். சிலுவை எனக்கு எத்தனை வருசப் பழக்கம்! அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் அந்தத் திரையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கரையில் சொன்னதுமே இருந்த வள்ளம் எல்லாம் இறங்கின. செய்தி அனுப்பாத வள்ளத்துக்கு மறுநாள் டீசல் கிடையாது என்பது விதி. ஆகவே அந்த அவசரத்திலும் எல்லாரும் ஆளுக்கொரு செய்தியைத் தட்டிவிட்டுத்தான் எஞ்சின் கயிற்றை இழுத்தார்கள். என்ன செய்தி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அங்கே தூத்துக்குடியில் திரை மின்னியதாம். ஒரே நேரத்தில் இத்தனை வள்ளம் கரையேறுவது வாரிய வரலாற்றிலேயே முதல் முறை. தனராஜ் திரையைப் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். என் கம்பெனியிலோ ஒவ்வொரு 'வாரேன்'க்கும் ஒரு லாரி கிளம்பியது. என் லாரி போதாமல் உத்தரவு பக்கத்து ஊர்க் கம்பெனிகளுக்கும் போனது.

இருட்டுவதற்குள் சிலுவையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எஞ்சின் நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தானாம். ஆளுக்கு ஒரு சேதமும் இல்லை, பசிதான். கரையை நெருங்கியவன் வரிசையாக நின்ற ஐஸ் லாரிகளையும் கூடியிருந்த ஜனத்தையும், முன்னால் அழுதுகொண்டு நின்ற பெண்டாட்டியையும் பார்த்து மிரண்டுவிட்டான்.

"அண்ணாச்சி, நான் இன்னும் சாகல! ஐஸைத் திருப்பிக் கொண்டு போங்க!"

அழுதுகொண்டிருந்த பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அவன் முதுகில் ரெண்டு வைத்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; அதைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரர்களைத் திட்டப் போனேன்.

ஒரே நாளில் சாதனை அளவு வள்ளங்களைக் கரையேற்றியமைக்காக தனராஜுக்கு மேலிடத்தின் பாராட்டு வந்தது. பின்னாலேயே பதவி உயர்வும் வந்தது. அவர் இனி சென்னையில் இணை இயக்குநர். அவர் போகிறார் என்ற சந்தோஷத்தில் எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. வழியனுப்பு விழாவை நாங்களே நடத்தினோம். இது சர்வர் உள்ள பங்ஷன். இலை போட்டு, வஞ்சிர மீன் வறுவலோடு பரிமாறினோம்.

வாரியத்தின் வெற்றியைத் தொடர்ந்து, அலுவலர்கள் பணியில் சேருவதும் விலகுவதும் அதே செய்தி முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. மாலையும் கழுத்துமாக தனராஜ் போனை எடுத்தார். 'போறேன்' என்று தட்டப் போனவரின் கையை அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"என்னங்க நீங்க, பிரமோஷன்ல கிளம்புற நேரத்துல போறேன்னா எழுதுவாங்க? வாயைக் கழுவுங்க. வாரேன்னு போடுங்க."

அவர் போட்டார். மேகத்தில் ஒரு பங்ஷன் முழித்தது.

திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் தனராஜ் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் புதிதாகப் பணியில் சேர்ந்துவிட்டதாகச் சிஸ்டம் சொல்லிவிட்டதாம். எனவே சென்னைக்குப் போக வழியில்லை. சொல்லை மாற்றலாம். அதற்கு இணை இயக்குநர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது, ஏனென்றால் அதில் உட்காரவேண்டியவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

"நான் என்ன செய்யறது? நீங்களும்தானே அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, 'போயிட்டு வாங்க சார், வாங்க சார்'னீங்க" என்றார். சொன்னது வாஸ்தவம்தான்.

நேற்று இருபது பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். நேருக்கு நேராக நின்று, "போங்க சார்" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவது. வழியெல்லாம் சொல்லிப் பழகினோம். பிளாரன்ஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

உள்ளே போய் வரிசையாக நின்றோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, எல்லாரும் சேர்ந்து வந்திருக்கீங்க?" என்றார்.

நான் பிளாரன்ஸைப் பார்த்தேன். அவள் சிலுவையைப் பார்த்தாள். சிலுவை தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான். அப்ப நாங்க வாரோம்."

"வாரோம் சார்" என்றோம் இருபது பேரும்.

கம்பெனிக்குத் திரும்பியபோது, எங்கிருந்தோ இன்னொரு 'வாரேன்' வந்து, என் லாரி ஐஸை ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது.