ஒத்தச்சீட்டும் கட்டம் போட்ட கொடியும்

கோல சிலாங்கூரில் தொடங்கி தஞ்சோங் காராங் வரைக்கும் நான் பார்க்காத டிரைவர் கிடையாது. லோரி, டிராக்டர், பள்ளிக்கூட பஸ், மீன் வேன் என்று எத்தனையோ பேர். ஆனால் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போன பிறகும் ஓட்டிக்கொண்டே இருக்கிற ஒரே மனிதன் ஒத்தச்சீட்டுதான். சாப்பிடும்போது இடது கையால் கியர் மாற்றுவான். தூக்கத்தில் வளைவு திரும்புவான். பக்கத்தில் படுத்திருக்கும் அவன் மனைவி ரோசம்மா கட்டிலை விட்டுக் கீழே விழுவாள். சர்ச்சில் ஃபாதர் பிரசங்கத்தை நீட்டினால் இவனுடைய வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். முன் பெஞ்சு ஆடும்.

"அங்க யாருப்பா, கொஞ்சம் நியூட்ரல்ல போடு" என்று ஃபாதரே ஒரு நாள் பீடத்திலிருந்து சொன்னார்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. வேலை வாங்கும் மண்டோர் திட்டியதில் ரோஷப்பட்டு எஸ்டேட்டை விட்டு வெளியேறி, ஒரு ஓட்டை லோரியில் ஆரம்பித்தவன். இன்றைக்கு பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் என் பெயர் எழுதிய லோரி நுழையாத செம்பனைத் தோட்டம் இல்லை. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். ஒத்தச்சீட்டு என்னிடம் வேலை கேட்டு வந்த அன்று, 'செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொட்டுவான், சம்பளம் வாங்குவான், வம்பு இல்லாதவன்' என்று எடை போட்டேன். என் தராசு தப்புக் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

கிள்ளானில் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பந்தய வண்டி ஒன்றை வாங்கிவிட்டு, அதைக் கொண்டுவர என் லோரியையே கேட்டான். கூரை இல்லை, கதவு இல்லை, மட்கார்டு இல்லை. நாலு சக்கரமும் நண்டுக் கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வழியில் பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்க நிறுத்தினோம். கடைக்கார சீனர் லோரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது எந்தப் படகுக்குள் போகிற இன்ஜின் என்று கேட்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் முனியாண்டிக்கு வேறு கவலை.

"ஏண்டா, மீதி வண்டி எப்ப வரும்?"

"இவ்ளோதாண்ணே வண்டி."

"அப்போ என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா."

"மன்னிச்சிருங்கண்ணே, ஒத்தச் சீட்டுதான்."

அன்றோடு அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஊருக்கு மறந்துபோனது.

மழையில் நனையக் கூடாது என்று வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, சறுக்குக் கதவு வழியாக ஹாலுக்குள் கொண்டுபோய் வைத்தான். சோபா வாசலுக்கு வந்தது. வருகிறவர்கள் இன்ஜினுக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர் என்று உட்கார்ந்து பேசினார்கள். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்க இடமில்லாமல் வண்டியின் மூக்கு மேல் வைத்தார்கள். குழந்தை இயேசு பந்தயத்துக்குக் கிளம்பியது போலவே இருந்தார். ரோசம்மா அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அவள் பொறுக்காதது ஒன்றுதான். கிளப் பந்தயங்களில் அவன் பல தடவை ஓடியிருந்தான். ஒன்றைக்கூட முடித்ததில்லை. ஒரு தடவை இன்ஜின் கொதித்தது. இன்னொரு தடவை கடைசி வளைவில் முன் சக்கரம் கழன்று தனியாக உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. "என் சக்கரம் வந்துருச்சே, அதைக் கணக்குல எடுத்துக்கலாமே" என்று அதிகாரிகளிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான்.

போன வருஷம் ரோசம்மா என் முன்னால் வைத்தே சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டி அந்தக் கட்டம் போட்ட கொடிய வாங்கிட்டு வாங்க. வாங்கலன்னா திங்கக்கெழம வண்டி வெளிய போவணும். எனக்கு ஹாலு வேணும். எஸ்டேட் லயத்துல பொறந்தவ, சொந்த வீடு வந்தும் வாசல்லயேதான் உக்காரணுமா? அண்ணே, நீங்க சாட்சி."

அவன் வண்டியையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "சரி. வாங்கலன்னா வித்துர்றேன்" என்றான்.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தவன் கோட்டைத் தாண்டும்போது அதை ஆட்டுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் ஆட்டுவார்கள். அந்த நேரம் போய்க் கொடியைச் சுருட்டிவிட்டால், அப்புறம் வருகிறவன் முடித்த கணக்கில் இல்லை.

சனிக்கிழமை காலையில் பந்தயத் தடத்துக்குப் போய் இறங்கினோம். அங்கே ஓட்ட வந்தவர்கள் வக்கீல், பேங்க் மானேஜர், பல் டாக்டர். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரே நிறச் சட்டை போட்ட மெக்கானிக்குகள். எங்கள் பக்கம் நான், ரோசம்மா, ஒரு பானை புளிச்சோறு.

வண்டிக்குள் அவனை ஏற்றுவதே ஒரு வேலை. ஆள் வாட்டசாட்டம், வண்டியோ ஒல்லி. ஒரு மாதமாக ரொட்டி சானாயை விட்டிருந்தான். தவக்காலத்தில்கூட அவன் அதை விட்டு நான் பார்த்ததில்லை. அப்படியும் நான் தோளை அழுத்த, ரோசம்மா வயிற்றை அமுக்க, "மூச்ச விடுங்க, விடுங்க, ஆங், இப்ப இழுக்காதீங்க" என்று ஒரு வழியாக உள்ளே போனான்.

அன்றைய தகுதிச் சுற்றில் வேகமான வண்டிகள் இவனைத் தாண்டித் தாண்டிப் போயின. தாண்டிய ஒவ்வொருவருக்கும் இவன் கையைத் தூக்கினான். தோட்டத்து மண்சாலையில் அதுதான் மரியாதை. ஓட்டுகிறவர்களுக்குக் கூட்டம் போட்டபோது ஓர் அதிகாரி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லித் திட்டினார். இவன் அவருக்கும் கையைத் தூக்கினான்.

மறுநாள் பந்தயம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே பூசை பார்க்க வேண்டும் என்றான். உடை மாற்ற நேரமில்லை. நெருப்புப் பிடிக்காத அந்தச் சிவப்புப் பந்தய உடுப்போடு, கையில் ஹெல்மெட்டோடு சர்ச்சுக்குள் நுழைந்தான். பூசைக்கு வந்தவர்கள் தீயணைக்கும் பொம்பாக்காரன் வந்துவிட்டான், எங்கோ தீ என்று எழுந்து ஓடப் பார்த்தார்கள். உபதேசியார் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இவன் எதையும் கவனிக்கவில்லை. முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ரோசம்மா அவனைப் பார்த்தாள், பிறகு பீடத்தைப் பார்த்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அப்படி ஓர் ஓட்டத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. யாரையும் முந்தவில்லைதான். ஆனால் இன்ஜின் கொதிக்கவில்லை, சக்கரம் கழலவில்லை. சுற்றுக்குச் சுற்று எங்களைக் கடந்து போனான். கடைசிச் சுற்றுக்குள்ளும் போய்விட்டான். நான் பானையைத் தட்டிக் கத்தினேன். வெற்றி பெற்ற வக்கீல் வந்தார், கொடி ஆடியது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒத்தச்சீட்டைக் காணோம்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். தூரத்து மேட்டில் சீனப் பல் டாக்டரின் வண்டி சுழன்று புல்லில் ஏறி நின்றிருக்கிறது. எங்கள் தோட்டத்துச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன வண்டியைத் தாண்டி எந்த டிரைவரும் போக மாட்டான். இறங்கி, என்ன ஏது என்று கேட்டுவிட்டுத்தான் போவான். மகன் கல்யாணத்துக்குப் போகிறவனாக இருந்தாலும் அப்படித்தான். இவன் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஓரம் கட்டி, புல்லில் நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியிருக்கிறான்.

"டாக்டர், ஓகேவா? தண்ணி வேணுமா?"

பல் டாக்டர் இரண்டு கையையும் ஆட்டி, "ஜாலான்லா! ஜாலான்!" என்று போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார். கொடி பிடித்த ஊழியர்கள் நாலு பக்கமிருந்தும் விசில் ஊதியிருக்கிறார்கள். டாக்டருக்கு அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இவன் கியரைப் போட்டான். இன்ஜின் அணைந்துபோயிருந்தது. ஸ்டார்ட்டரோ ரோசாக், கெட்டுப்போனது. வேறு யாராக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பழைய லோரி ஓட்டியவன் சமதரையில் நிறுத்தவே மாட்டான். பேட்டரி செத்தாலும் உருட்டிக் கிளப்பச் சரிவு வேண்டுமே! அவனுக்கே தெரியாமல் அவன் கால் சரிவு பார்த்துத்தான் நிறுத்தியிருந்தது. பிரேக்கை விட்டான். வண்டி உருண்டது. இரண்டாவது கியரில் ஒரு இருமல். பிறகு கிளம்பிவிட்டது.

இந்தப் பக்கம் கொடிக்காரர், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் என் பக்கத்தில் ரோசம்மா இல்லை என்பதைக் கவனித்தேன். கம்பி வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"பாக்சிக்! துங்கு! துங்கு டுலு! லாக்கி சாயா பெலும் சம்பாய்!"

பெரியவரே, கொஞ்சம் இருங்கள், என் புருஷன் இன்னும் வந்து சேரவில்லை என்று. வண்டியை வெளியே தள்ளச் சொன்ன அதே ரோசம்மா! கொடிக்கார மலாய்ப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சுருட்டிய கொடியை விரித்தார்.

ஒத்தச்சீட்டு வந்தான். முழுக் கொடி, அவன் ஒருவனுக்காக, இடமும் வலமும் ஆடியது. அன்றைக்கு ஜெயித்த வக்கீலுக்குக்கூட அப்படி ஆடவில்லை என்று சத்தியம் பண்ணுவேன்.

அதிகாரிகள் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். தடத்தோரம் நிறுத்துவது எத்தனை ஆபத்து என்று தெரியுமா, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். இவன் மலாயில் சொன்னதன் அர்த்தம் இதுதான்: "எங்க ரோட்டுல நின்ன வண்டியத் தாண்டிப் போனா, மறுநாள் எவன் மூஞ்சியிலும் முழிக்க முடியாது, துவான்." தண்டனையாக இவன் நேரத்தில் அரை நிமிஷம் கூட்டினார்கள். கடைசியில் வந்தவனை அதற்குக் கீழே எங்கே இறக்குவது? அப்படியே கடைசியிலேயே இருந்தான், ஆனால் முடித்தவர்கள் கணக்கில். பல் டாக்டர் ஓடிவந்து, உன் குடும்பத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் என்னிடம் வா என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவன் உடனே வாயைத் திறந்து ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினான்.

இதெல்லாம் முடிந்து வந்ததும் ரோசம்மா பானையைத் திறந்தாள். புளிச்சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்தக் கொடிக்காரப் பெரியவர் பசியோட நின்னாருங்க. அடுத்த வாட்டி சோறு கூடக் கட்டணும்."

அவன் வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் திரும்பினோம். என் லோரியை அவன்தான் ஓட்டினான். பின்னால் பந்தய வண்டி. நடுவில் ரோசம்மா அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை ஆடிவிடக் கூடாது என்று, மோட்டார் சைக்கிள்களெல்லாம் எங்களை முந்திப் போக, அத்தனை மெதுவாக ஓட்டினான். வேறு எவனாக இருந்தாலும், டீசல் யாருடையது என்று கேட்டுத் திட்டியிருப்பேன். அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு பக்கமும் நிற்கிற செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.