பாகீரதி என்று வருமிடமெல்லாம்

திருவனந்தபுரம் கோட்டை,
கொல்லம் 1113 துலாம் 9.

சௌபாக்கியவதி சுப்புலக்ஷ்மிக்கு, உன் அகத்துக்காரன் வெங்கடசுப்ரமணியன் மனமார ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் குழந்தை ஜெயமும் ஸ்ரீபத்மநாபன் கிருபையில் சௌக்கியம். அம்பாசமுத்திரத்தில் நீயும், அச்சாபீஸில் லீவு கிடைக்காததால் நான் இன்னும் முகம் பார்க்காத சின்னவனும், மாமா மாமியும் சௌக்கியமாக இருப்பதற்கு எழுதவும்.

உன் கார்டு வந்தது. "குழந்தை ஏங்கறாளா? பள்ளிக்கூடத்தில் ஏதோ சங்கதியாமே? உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, ஏங்கினால் வெள்ளிக்கிழமை சேஷன் வந்து அழைச்சுண்டு வந்துடுவான்" என்று எழுதியிருக்கிறாய். ஏங்கறதாவது! நீ பிரசவத்துக்கு ரயிலேறும்போது பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு உன் தம்பி சேஷன் காது கேட்க நான் என்ன சொன்னேன்? "ஒண்ணாங்கிளாஸ் படிப்பைக் கெடுக்க வேண்டாம், ஆறு வயசுக் குழந்தையை ஒரு ஆம்பளையால பாத்துக்க முடியாதா?" என்றேன். அந்த வாக்கு அப்படியே நிற்கிறது. அவளையும் அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் நானும் சுவர்ப் பல்லியும்தான் என்பது வேறு விஷயம். அதற்காக நான் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறவன் அல்ல. நாள் முழுக்க கெஸட்டுப் புரூப்பில் பிழை பார்க்கிறவனுக்கு அந்த வழக்கம் வராது.

பள்ளிக்கூடத்துச் சங்கதி வாஸ்தவம்தான். ஆனால் அது நம் குழந்தை செய்தது அல்ல. நீ ஊருக்குப் போன பிறகு மேலத் தெரு மூன்றாம் வீட்டில் நாகேஸ்வரன் என்று ஒருத்தன் குடிவந்திருக்கிறான். உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், சுத்த அசடு. பெண்டாட்டி ஏதோ காரியமாக ஊருக்குப் போயிருக்கிறாளாம், என்ன காரியம் என்று நான் விசாரிக்கவில்லை. அவனுக்குப் பாகீரதி என்று ஒரு பெண். ஜெயத்தின் கிளாஸ், அதே பெஞ்சு. அந்தப் பாகீரதி, ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, பிரார்த்தனைக்கு நிற்கும்போது, தண்ணீர் குடிக்கும்போது, எங்கே பார்த்தாலும் ஓடிவந்து ஜெயத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொள்கிறது என்றால் சும்மா இல்லை, கழுத்தில் முகத்தைப் புதைத்து இறுக்கிப் பிடித்தால் மணி அடித்தாலும் விடுகிறதில்லை. இரண்டு ஸ்லேட்டு உடைந்தது. முதலில் "குழந்தைகள்தானே, பிரியம்" என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு நாள் ஜெயம் புஸ்தகப் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "நான் போகமாட்டேன், அவ பிடிச்சா நேக்கு மூச்சு முட்டறது" என்று அழுதாள். பிரியமாகவே இருக்கட்டும், பிடிபட்டவளுக்கு மூச்சு முட்டுகிறதே. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நாகேஸ்வரன் தன் பெண்ணைத் திருத்த எடுத்துக்கொண்ட பிரயத்தனங்களைக் கேட்டால் நீ சிரிப்பாய். முதலில் லஞ்சம். "இன்னிக்கு ஆரையும் கட்டிக்காம இருந்தா நாளைக்கும் உண்டு" என்று ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து அனுப்பினான். அவள் அதை ஜெயத்தின் வாயில் வைத்துவிட்டு, வாய் அடைபட்ட சமயம் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அடுத்தபடி அந்த மகானுபாவனுக்கு ஒரு யோசனை உதித்தது. நம் வீடுகளில் மடி கட்டிக்கொண்டு நிற்கிறவளை ஒருத்தரும் தொடுகிறதில்லை, அவளும் ஒருத்தரையும் தொடுகிறதில்லை அல்லவா? குழந்தையைக் குளிப்பாட்டி, பாவாடை கட்டி, "இன்னிக்கு நீ மடியாக்கும். ஆத்துக்கு வரவரைக்கும் ஆரையும் தொடப்படாது, கேட்டியா?" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

குழந்தை சொன்ன சொல் தட்டவில்லை. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு கிளாஸ் வாசலில் நின்று, "நான் மடி!" என்று அறிவித்தாள். டீச்சர் ஸ்லேட்டுக் குச்சியை நீட்டினால், "கீழே வையுங்கோ, எடுத்துக்கறேன்" என்றாள். மத்தியானத்துக்குள் முப்பது குழந்தைகளும் மடி. புஸ்தகம் தரையில், குச்சி தரையில், ஒருத்தரை ஒருத்தர் கண்டால் கூச்சல் போட்டுக்கொண்டு ஓட்டம். டீச்சர் ரத்னாபாய் நெய்யூர்க்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவள். அவனைக் கூப்பிட்டனுப்பி, நிற்கவைத்துக் கேட்டாள். "ராஜ்யத்துல கோவிலையே எல்லாருக்கும் தொறந்து விட்டு வருசம் ஒண்ணாகப் போகுது. என் ஒண்ணாங்கிளாஸு மட்டும் மடியா, சார்? நான் நீட்டுன குச்சிய பிள்ளை வாங்க மாட்டேங்கு." பாவி, அதை அவன் நினைக்கவே இல்லை. தன் பெண்ணின் கையைக் கட்டப் போய் ஒரு நல்ல மனுஷியின் முகத்தில் அறைந்துவிட்டான். மன்னிப்புக் கேட்டான். "எங்கிட்ட கேட்டது போதும், பிள்ளைக்கும் மாத்திச் சொல்லிக் குடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அதோடு விட்டானா? திங்கட்கிழமை ஆபீஸில் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு, இன்டர்வெல் நேரத்தில் பள்ளிக்கூட மாமரத்துக்குப் பின்னால், கொட்டுகிற மழையில் குடையோடு போய் நின்றான். தன் பெண் என்னதான் செய்கிறாள் என்று ஒளிந்து பார்க்க வேண்டுமாம். பியூன் யோசுவா கண்டுபிடித்துவிட்டான். "ஓய் சாமி, மரத்துக்குப் பொறத்தால ஆரைத் தேடுதீரு?" என்று அவன் போட்ட சத்தத்தில் மூன்று கிளாஸும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் மழையில் ஓடிவந்து, "அப்பா, அம்மா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், அந்த அசடு அழ ஆரம்பித்துவிட்டான். குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டானாம். முதுகு குலுங்குவதை எந்தக் குடை மறைக்கும்? எல்லாம் கேள்விப்பட்டதுதான், நான் அங்கே இல்லை.

டீச்சர் அவனையும் இரண்டு குழந்தைகளையும் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். திட்டவில்லை. "பாகீ, எதுக்கு மக்களே இவளைப் போட்டு இறுக்குதே?" என்றாள். அது தலையைக் குனிந்துகொண்டு, "இவ தலை எங்கம்மா தலை மாதிரி மணக்கறது" என்றது. வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சுகிற எண்ணெய், உனக்குத் தெரியாததா? டீச்சர் ஜெயத்தைப் பார்த்து, "ஒனக்குப் பிடிக்கலேன்னா கைய இப்படி நீட்டி, சத்தமா ‘வேண்டாம்’னு சொல்லணும். கேக்கலேன்னா என்னைக் கூப்பிடணும். அப்படிச் சொல்லுகது தப்பே இல்ல" என்றாள். அந்தப் பெண்ணிடம், "கட்டிப்பிடிக்கத் தோணிச்சுன்னா மொதல்ல கேக்கணும். வேண்டாம்னா வேண்டாம்தான், கைய எடுத்திரணும். அழக்கூடாது. அழுகை வந்தா எங்கிட்ட வா, இன்டர்வெல் மணிய நீ அடிக்கலாம்" என்றாள். நாலே வாக்கியம். நாகேஸ்வரனுக்கு மூன்று வாரத்தில் தோன்றாதது.

முதல் நாள் பாகீரதி பதினோரு தடவை கேட்டாளாம். பதினோரு தடவையும் "வேண்டாம்". கையைப் பின்னால் கோத்துக்கொண்டு போய் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயம் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே பள்ளிக்கூடம் போகிறாள். நாலாம் நாள் பாகீரதி கேட்டதற்கு ரொம்ப யோசித்து, "சுண்டுவிரல் மட்டும்" என்றாள். இன்டர்வெல் முழுக்க இரண்டும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு மாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

ஆகையால் இங்கே எல்லாம் சுபம். ரசம் எனக்குச் சுமாராக வருகிறது. சடை பின்னுகிறேன், நேராக இல்லாவிட்டாலும் அவிழ்கிறதில்லை. சேஷனுக்கு வீண் அலைச்சல் வேண்டாம். நீயும் ஐந்து மாதம் முடித்துக்கொண்டு நிதானமாக வரலாம், அவசரமே இல்லை. மாமா மாமிக்கு என் நமஸ்காரம். சேஷனுக்கு ஆசீர்வாதம். சின்னவனை என் பேரைச் சொல்லி ஒரு தரம் உச்சி மோந்துவிடு.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், கை வரவில்லை. ஊரார் பிழையைத் திருத்துகிறவன் தன் கடிதத்தை இப்படி அனுப்பப்படாது. பிழைதிருத்தம் போட்டுவிடுகிறேன். மேலே பள்ளிக்கூடத்து விஷயத்தில் ‘பாகீரதி’ என்று வருமிடமெல்லாம் ‘ஜெயம்’ என்றும், ‘ஜெயம்’ என்று வருமிடமெல்லாம் ‘பாகீரதி’ என்றும் மாற்றி வாசிக்கவும். ‘நாகேஸ்வரன்’ வருமிடமெல்லாம் ‘உன் அகத்துக்காரன்’ என்று வாசிக்கவும். மேலத் தெரு மூன்றாம் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. மாமரமும் குடையும் வாஸ்தவம். அசடு என்பதில் திருத்தம் இல்லை.

நீ காய்ச்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய் தீர்ந்து ஒரு மாசம் ஆகிறது. பாகீரதியின் அம்மாவும் அதே பக்குவத்தில் காய்ச்சுகிறாள் போலிருக்கிறது. நான் குப்பியைக் கழுவவில்லை. காலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் மூடியைத் திறந்து ஒரு தரம் மோந்துவிட்டுப் போவேன். நேற்று குழந்தை பார்த்துவிட்டாள். "அப்பா, நேக்கும்" என்றாள். கொடுத்தேன். பிறகு என்னிடம் வந்து, "கேட்டுட்டுத்தான் கட்டிக்கணும், டீச்சர் சொல்லியிருக்கா. கட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள். சுப்புலக்ஷ்மி, அவள் ஏங்கித்தான் போயிருக்கிறாள். அவளை மட்டும் சொல்வானேன்.

சேஷன் வெள்ளிக்கிழமை வரட்டும். குழந்தையை அழைத்துப் போகத்தான் வேண்டுமென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் டீச்சர் சொன்ன முறைப்படி உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். சின்னவனைத் தூக்கிக்கொண்டு சேஷன் துணையில் நீயே இங்கே வந்துவிடலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கையை எடுத்துக்கொள்வேன். அழமாட்டேன்.

கடைசி வார்த்தையையும் திருத்தி வாசிக்கவும்.