உறுமல் பெட்டி

"கரகரன்னு ஒரு சத்தம் வருது மாமா. மத்தபடி பெட்டி பத்தரை மாத்துத் தங்கம்."

மேசைமேல் வைத்த இரும்புப் பெட்டியை மைத்துனன் ஒருமுறை தடவிக்கொடுத்தான். அவன் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது அது. கிடாரோடு இணைத்துக் காலால் மிதித்தால், சாதுவான ஓசை புலி உறுமலாக மாறும். சாயங்காலம் அரங்கில் கச்சேரி. புதுப் படத்துக்கு கிடார் வாசிக்க ஆள் தேடும் இசையமைப்பாளர் ஒருவர், இவனைக் கேட்பதற்கென்றே வருகிறாராம்.

"அஞ்சு நிமிஷ வேலை மாப்ளே," என்றார் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவர் தொடங்கிய வேலை எல்லாமே ஐந்து நிமிட வேலைதான். முடிந்தவை எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, என் தம்பி உசிரே அதுலதான் இருக்கு. மிக்ஸியைப் பாத்த மாதிரி பாத்துடாதீங்க."

அவர் 'பார்த்த' மிக்ஸி இப்போது பரண்மேல் ஓய்வெடுக்கிறது.

குமிழில் அழுக்கு என்று கண்டுபிடித்து, மருந்தடித்துத் திருகித் துடைத்தார். கரகரப்பு போய்விட்டது. காலியான இடத்தை 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் பிடித்துக்கொண்டது.

"உள்ள வண்டு பூந்துடுச்சா மாமா?"

"கெபாசிட்டர் காஞ்சுபோச்சு. வயசாகுதில்ல?"

புதுசு ஒன்றைப் பற்றவைத்தார். வண்டு பறந்துவிட்டது. மைத்துனன் கிடாரை மீட்டினான். ஒரு பெண்மணி தெளிவான குரலில் வானிலை அறிக்கை வாசித்தார்.

"மாமா... மழை வருமாம்."

"பாத்தியா! ரேடியோவே இல்லாம ரேடியோ கேக்குது. எவன் செய்வான் இதை?"

"அந்த இசையமைப்பாளர் மழை வருமான்னு தெரிஞ்சுக்கவா வராரு?"

கேள்வி நியாயமானதுதான். பேட்டரிதான் வானிலையை இழுக்கிறது என்று முடிவுகட்டிய ரிப்பேர்க்காரர், அதைப் பிடுங்கிவிட்டு அடாப்டரைச் செருகினார். இந்த ரகப் பழைய பெட்டிகளில் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாக இருக்கும். அது அவருக்கும் தெரியும். புகை வந்தபிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"என்ன மாமா, கருகுற வாசனை?"

"பழைய தூசி எரியுது. நல்லதுதான். நீ போய்க் குளிச்சு ரெடியாகு."

அவன் நகர்ந்ததும் சோதித்துப் பார்த்தார். டிரான்சிஸ்டர்கள் காலி. தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டார். அந்த ரகத்தின் பெயரைக் கேட்டே ஒருவன் சிரித்தான். பெட்டிக்குள் உயிரோடு மிஞ்சியது மிதிக்கிற சுவிட்ச் மட்டும்தான்.

"சரியாயிடுச்சா?" மனைவி மறுபடியும் வந்து நின்றாள்.

"கிட்டத்தட்ட."

"இந்தச் சான்ஸ் மட்டும் அவன் கையைவிட்டுப் போச்சு, உங்களையும் பரண்ல ஏத்திடுவேன்."

வேறு வழியில்லை. நுழைகிற இடத்திலிருந்து வெளியேறுகிற இடத்துக்கு நேராக ஒரே ஒரு கம்பியை இழுத்துப் பற்றவைத்து மூடினார். வருவது வந்தபடியே போய்விடும். மனைவியின் பேச்சு அவருடைய ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறுகிற அதே ஏற்பாடு.

கச்சேரியில் முதல் வரிசை. குளிர்சாதன அரங்கில் அவர் ஒருவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. மேடையில் மைத்துனன் பெட்டியை 'டக்'கென்று மிதித்தான். கண்ணை மூடினான். தலையைச் சிலுப்பினான். புலியாகவே மாறிவிட்டான். பக்கத்து இருக்கையில் இசையமைப்பாளரும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மைத்துனன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "மாமா! இத்தனை வருஷத்துல பெட்டி இப்படி உறுமினதே இல்ல!"

இசையமைப்பாளர் அவன் தோளைத் தட்டினார். "தம்பி, உங்க கிடார்ல ஒரு ஆழம் இருக்கு. நாளைக்கே ஸ்டூடியோவுக்கு வந்துடுங்க."

கல்யாணமான புதிதில் பார்த்த பார்வையை மனைவி பார்த்தாள். அது ரிப்பேர்க்காரரை இன்னும் பயமுறுத்தியது. அவர் மெல்ல நழுவி, அரங்கின் பின்னால் வயர் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்ட் சிஸ்டம்காரரிடம் போனார்.

"உண்மையைச் சொல்லுங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு கிடார் சத்தத்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

சவுண்ட் சிஸ்டம்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கிடாரா? அதை நாங்க எந்தக் கச்சேரியிலயும் வெளிய விடறதே இல்லையே சார். மேடையில அவருக்கு மட்டும்தான் கேக்கும்."