இருநூற்றுப் பன்னிரண்டு பேணித் தண்ணீர்

நீந்தத் தெரியாதவன் வள்ளம் வாங்கலாம். அதில் குற்றமில்லை. ஆனால் வாங்கிய வள்ளத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, "என்னுடைய வள்ளம், என்னுடைய வள்ளம்" என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. நான் திரிந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடமும் நாலு மாதமும் திரிந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கந்தோரில் கிளாக்கர் வேலை. திருகோணமலை லிங்கநகர் வீட்டு வாசலிலிருந்து கந்தோர்ப் படிக்கு இரண்டாயிரத்து எழுநூறு எட்டு. (மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போவதால் நாற்பது எட்டுக் கூடும்.) இப்படிப்பட்ட ஒருவன், தங்கை புஷ்பராணியின் சீதனத்துக்கென்று அப்பா விட்டுப்போன தம்பலகாமத்து வயலை விற்று வள்ளம் வாங்கினான் என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிய காலம் அது. வயல் வருடத்தில் இரண்டு முறை விளையும்; வள்ளம் நாளைக்கு மூன்று முறை ஓடும். என் மனைவி சரசு மட்டும், "வயல் தாழாது" என்றாள். நான் காதில் விழுத்தவில்லை.

வள்ளத்தைக் காசிம் நானாவிடம் ஒப்படைத்தேன். குறிஞ்சாக்கேணிக்காரர். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையில் ஆறு வள்ளங்களை வைத்து வெள்ளைக்காரருக்குத் துறைமுகம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆறில் இரண்டு அவருடையவை. மற்ற நாலும் என்னைப் போன்ற கரையில் நிற்கும் முதலாளிமாருடையவை. என் வள்ளத்தின் முகப்பில் தங்கையின் பெயரைச் சிவப்பெழுத்தில் எழுதுவித்திருந்தேன். நானா ஆறு வள்ளத்துக்கும் ஒரே வெள்ளையும் நீலமும் பூசி, பெயர் இருந்த இடத்துக்கு மேலே 4 என்று போட்டுவிட்டார்.

"பேரிருந்தா ஒவ்வொருத்தனும் தன்ட வள்ளத்துக்கே ஆள் சேர்ப்பான்," என்றார். "நம்பரெண்டா முறைப்படி ஓடும்."

சொந்தக்காரர் தன் வள்ளத்தில் ஏற விரும்பினால் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அதுவும் நானாவின் சட்டம். நான் ஏற விரும்பவில்லை. மாதம் ஒருமுறை போய், கரையில் இழுத்துவைத்த வள்ளத்தில் ஆணிகளை எண்ணிவிட்டு வருவேன். இருக்கைப் பலகை மூன்று. பின் பலகைக்குக் கீழே, சாக்கில் சுற்றிச் செருகிய தகரப்பேணி ஒன்று, தண்ணீர் இறைக்க. அதை அந்த இடத்தில் வைக்கச் சொன்னவன் நானே.

இப்படியிருக்கையில் புஷ்பராணிக்குச் சாவகச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பரமநாதன், நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவர். தகப்பனார் இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர். வயலுக்குப் பதிலாக வள்ளம் என்று அறிந்ததும் அவர் மூன்று வரியில் கடிதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வருகிறோம். முதலில் வள்ளத்தைப் பார்த்து, பிறகு பெண்ணைப் பார்ப்போம். நாலரைக்கு இராகுகாலம், அதற்கு முன் எல்லாம் முடிய வேண்டும்.

புஷ்பராணிக்கு இருபத்தேழு வயது. முன்பே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டினால், வயலை வள்ளமாக்கிய என்னைத்தான் ஊர் பார்க்கும். வியாழக்கிழமை போய் நானாவிடம் சொன்னேன். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். விரல் விட்டு எண்ணினேன்.

ஞாயிறு இரண்டரைக்கு ஏழு பேருடன் கரைக்குப் போனால், நாலாம் நம்பர் நிற்கும் இடத்தில் தண்ணீர்தான் நின்றது.

"நானா, என்ர வள்ளம் எங்கை?" என்று அவர் காதோரம் கேட்டேன்.

"ஓட்டத்துல இரிக்கி."

"வியாழக்கிழமை வந்து சொன்னனான் எல்லோ."

"சொன்ன நாளை ஆரு எண்ணுவான்? வெள்ளி ஜும்ஆ, வள்ளம் ஓடாது. ஓடாத நாள் நாளில்ல. சனி ஒண்டு, ஞாயிறு ரெண்டு, திங்கள் மூணு. செவ்வாய்க்கிழமை வாங்க, தாறன்."

(செவ்வாய்க்கிழமை எந்தத் தமிழன் பெண் பார்க்க வருவான்.)

அந்த நேரம் பார்த்து ஸ்டேசன் மாஸ்டர் தன் குடையை நீட்டி, கரையில் நின்ற இரண்டாம் நம்பரைக் காட்டினார். "தம்பி, இதுவோ வள்ளம்?"

நான் "ஓம்" என்றேன். வாழ்க்கையில் நான் எண்ணாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

நானா என்னை ஒருமுறை பார்த்தார். இரண்டாம் நம்பர் அவருடைய சொந்த வள்ளம். "ஏறுங்க," என்றார்.

உள்துறைமுகம் அன்று குளம்போல் கிடந்தது. மாப்பிள்ளையின் தாய்கூட சிரித்தார். ஸ்டேசன் மாஸ்டர் மட்டும் வேலைக்கு வந்தவர்போல் இருந்தார்.

"எத்தனை பேர் ஏறலாம்?"

"எட்டுப் பேர். ஓட்டுறவர் வேற."

"இருக்கைப் பலகை?"

"மூண்டு."

அவர் குடை நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நாலு கிடக்குது."

"ஒண்டு... பிறகு போட்டது."

நானா கடலைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

"தண்ணி உள்ள வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டார் ஸ்டேசன் மாஸ்டர்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். "என்ர வள்ளத்தில எல்லாத்துக்கும் ஒரு இடம் இருக்குது ஐயா," என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமலே பின் பலகைக்குக் கீழே கையை விட்டேன். சாக்கு கையில் பட்டது. இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"கிளாக்கர், அதை எடுக்காதீங்க," என்று நானா சொல்லி முடிக்கும்போது சாக்கு என் மடியில் இருந்தது. அதற்குள் பேணி இல்லை. இரண்டாம் நம்பரில் அந்தச் சாக்கு, வெடித்த பலகையை அடைக்க வைத்தது. அடைப்புப் போனதும் திருகோணமலைத் துறைமுகம் உள்ளே வரத் தொடங்கியது.

நானா இயந்திரத்தை நிறுத்தி, சாக்கைக் காலால் திரும்ப அடைத்தார். பாதித்தான் அடைந்தது. பிறகு இயந்திரத்தின் கயிற்றைப் பதினொரு முறை இழுத்தார். அது பதினொரு முறையும் இருமிவிட்டுப் படுத்தது. தாயார் கோணேசப் பெருமானைக் கூப்பிட்டார். மற்றவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். முன்பலகைக்குக் கீழேயிருந்து ஒரு பேணி மிதந்து வந்தது. பரமநாதன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதை எடுத்து இறைக்கத் தொடங்கினார்.

பேணி ஒன்றுதான் இருந்தது. ஆகவே நான் என்னால் முடிந்த உதவியைச் செய்தேன். எண்ணினேன்.

"ஏன் தம்பி எண்ணுறீர்?" என்றார் ஸ்டேசன் மாஸ்டர், கால் இரண்டும் அந்தரத்தில் இருக்க.

"எவ்வளவு தண்ணி எண்டு தெரிய வேணுமே."

நூற்று முப்பதாவது பேணியில் ஒரு வள்ளம் எங்களை நோக்கி வந்தது. அதில் ஆறு வெள்ளைக்காரர். முகப்பில் வெயிலுக்குப் பூச்சு உரிந்து, 4க்குக் கீழே சிவப்பெழுத்தில் என் தங்கையின் பெயர் முழுதாகத் தெரிந்தது. ஓட்டிவந்தவர் நானாவின் ஆள். உரத்த குரல்காரர்.

"என்ன கிளாக்கர், ஒங்கட வள்ளம் இஞ்ச இரிக்கக்குள்ள நீங்க அதுல ஏன் ஏறினீங்க?"

ஸ்டேசன் மாஸ்டர் முகப்பை வாசித்தார். "பொம்பிளையின்ர பேரெல்லோ அது?"

"ஓம்."

"அப்ப இது ஆற்ற வள்ளம்?"

"என்ட," என்றார் காசிம் நானா, கயிற்றை எறிந்தபடி.

என் வள்ளம் எங்களைக் கட்டி இழுத்தது. வெள்ளைக்காரர் எங்களைப் பதினாலு படம் பிடித்தார்கள்.

கரை சேரும்போது நாலு இருபது. அங்கே சரசுவும், பட்டுச்சேலையோடு புஷ்பராணியும் நின்றார்கள். நாலு மணியாகியும் ஒருவரும் வரவில்லையே என்று பயந்து வந்திருந்தார்கள். ஸ்டேசன் மாஸ்டர் அவர்களைக் கவனிக்கவில்லை. கரையில் ஏறி, காற்சட்டையைப் பிழிந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, சீதனம் பார்க்க வந்தனாங்கள். சீதனம் எங்களைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்திட்டுது. நான் சேர்விசில இருந்த முப்பத்தொரு வருசத்தில இப்பிடி ஒரு பொய் கேட்டதில்லை." பிறகு மகனைப் பார்த்து, "அதை வைச்சிட்டு ஏறு. போவம்," என்றார்.

பரமநாதன் திரும்பவில்லை. இன்னும் இறைத்துக்கொண்டிருந்தார். "நிப்பாட்டினால் தாழ்ந்துபோமப்பா. பாவம், மனுசன்ர வள்ளம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். புஷ்பராணி என் அருகில் வந்தாள்.

"அண்ணை, இவரோ மாப்பிள்ளை?"

"ஓம்."

"எனக்குச் சரி."

மெதுவாகச் சொன்னதாக அவள் இன்றும் சொல்கிறாள். கரையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. பரமநாதன் பேணியோடு அப்படியே திரும்பினார். அவளைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டாவது பேணி என் சப்பாத்துக்குள் ஊற்றப்பட்டது.

ஸ்டேசன் மாஸ்டர் மகனைப் பார்த்தார், புஷ்பராணியைப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு இருபத்தாறு. இராகுகாலத்துக்கு நாலு நிமிசம் கிடக்குது," என்றார், ரயிலை நேரத்துக்கு அனுப்பிய மனிதர். "பொம்பிளை பார்த்தாச்சு எண்டு வைப்பம்."

ஆவணியில் கலியாணம். அடுத்த வருடம் பரமநாதன் அந்த வள்ளத்தைக் கொடுத்து வயல் வாங்கினார், தம்பலகாமத்திலேயே. சரசு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சம்பந்தம் பேசினாலும், சாதகம் பொருந்திய பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "பெடியனுக்குத் தண்ணி இறைக்கத் தெரியுமோ?" என் மகளுக்குக் கேட்டார்கள். பேத்திக்கும் கேட்டார்கள். (அந்தப் பெடியன் வங்கியில் வேலை, ஒன்றும் விளங்காமல், "பழகலாம்" என்றான். அதுவே போதுமென்று விட்டோம்.)

எனக்கும் மச்சானுக்கும் ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. இருநூற்றுப் பதினொன்றுதான் என்கிறார் அவர். கடைசிப் பேணி கடலுக்குப் போகவில்லையாம், ஆகவே அது கணக்கில் வராதாம். அள்ளினது அள்ளினதுதான் என்கிறேன் நான். போன பொங்கலுக்கும் இதே சண்டை. குசினி அடுப்படியில் இருந்து புஷ்பராணி தீர்ப்புச் சொன்னாள்:

"அண்ணை, அதை உங்கட கணக்கில எழுதாதேங்கோ. அந்தப் பேணி என்ர."