ஊசிமல்லி யார்?

பட்டாபிராமில் குடியிருந்த இக்னேஷியஸுக்குத் தன் மனைவிமேல் சந்தேகம் வந்தது ஒரு கொசுவலையால்.

எண்பத்தேழாம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசர். ஆயிரம் போல்ட்டில் ஒன்றுக்கு மரை சரியில்லை என்றாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் மட்டும் எதுவும் படாது என்பது அவர் மனைவி செலினின் அபிப்பிராயம்.

தினமும் காலை ரயிலில் எதிர் சீட்டில் கூட்டாளி சம்பத். வியாழக்கிழமையானால் சம்பத் வாரப்பத்திரிகை வாங்கி, 'எங்க வீட்டுக்காரர்' பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். பெட்டி முழுக்கக் காது கொடுக்கும். எழுதுவது ஊசிமல்லி என்ற பேரில் யாரோ ஒரு பெண்மணி.

அந்த வாரம் வீட்டுக்காரர் கொசுவலை கட்டினார். ஓர் ஆணி அடிக்கப் பக்கத்து வீட்டில் ஸ்டூல், எதிர்வீட்டில் சுத்தியல், தெரு முழுக்க ஆலோசனை. ஆணி உள்ளே போகவில்லை, சுவர்தான் வெளியே வந்தது. முடிவில் வலைக்குள் அவர் சிக்கிக்கொள்ள, கொசு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

பெட்டி குலுங்கியது. இக்னேஷியஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டியதும் அவர் சிரிப்பு நின்றது. அந்த வலையைக் கட்டியது அவரேதான்.

"அப்டி ஒரு பொம்பளையே கெடையாது மாமே," என்றார் சம்பத். "ஆபீஸ்ல எவனோ மீசக்காரன் குந்திகினு பொம்பள பேர்ல எய்துறான்."

மீசைக்காரனுக்குத் தன் வீட்டுச் சுவர் எப்படித் தெரியும் என்று இக்னேஷியஸ் யோசித்தார். செலின் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கையில் எந்நேரமும் ஊசி, தலையில் மல்லி. கூட்டிப் பார்த்தார், பகீரென்றது.

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலை. செவ்வாய்க்கிழமை தவறாமல் செலின் தபாலாபீஸ் போவது தெரிந்தது. கேட்டதற்கு, பருத்திப்பட்டில் இருக்கும் அக்காவுக்குக் கடிதம் என்றாள். பருத்திப்பட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் இவள் நடந்தே போய், மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

அவர் ஒரு பொறி வைத்தார். கம்பெனி ஆண்டுவிழாவில் தன் கால்சட்டை நாற்காலி ஆணியில் மாட்டியதாகவும், பரிசு வாங்க நாற்காலியோடு மேடையேறியதாகவும் சாப்பிடும்போது செலினிடம் மட்டும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். அவள் அடப்பாவமே என்று சொல்லி ரசம் ஊற்றினாள்.

மூன்றாவது வியாழக்கிழமை ஊசிமல்லியின் வீட்டுக்காரர் நாற்காலியோடு மேடையேறினார்.

இக்னேஷியஸ் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, பத்திரிகையைத் தையல் மெஷின்மேல் வைத்தார். "நீதான ஊசிமல்லி?"

செலின் நிதானமாக நூலைக் கடித்தாள். "நா எங்கங்க எய்துறது? அது சென்னீர்குப்பம் வரலட்சுமி அக்கா. எங்கைலதான் ஜாக்கெட் தைக்கும். அளவு எடுக்கறப்போ நம்ம ஊட்டுக் கதய நா சொல்வேன். அது போயி எய்திடுது."

அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளே அவரை பஸ்ஸில் ஏற்றி சென்னீர்குப்பம் கூட்டிப்போனாள். வரலட்சுமி கனத்த உடம்பு, கனத்த கண்ணாடி. மேஜைமேல் ஒரு கத்தைக் காகிதம். நான்தான் ஊசிமல்லி என்று கூசாமல் ஒப்புக்கொண்டு காபி கொடுத்தார்.

ஊரான் வீட்டுப் புருஷனை இப்படி ரயில் ஏற்றுவது நியாயமா என்று இக்னேஷியஸ் முக்கால் மணி நேரம் பேசினார். வரலட்சுமி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்றதும் ஞாயந்தான்," என்றார் கடைசியில். "புருசன் பக்கத்து ஞாயத்த யாரும் எனக்கு எய்தித் தர்ல. நீங்களே கைப்பட எய்தி, வாராவாரம் செலின்கைல குடுத்தனுப்புங்க. போட்டுர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் இக்னேஷியஸுக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கோபம் வந்தால் அவர் சட்டையை நாலாக மடித்து வைப்பது, பாட்டு மறந்துபோனால் கோயிலில் வாயை மட்டும் அசைப்பது. இதையெல்லாம் அத்தனை பிரியமாகப் பார்த்து எழுதியது யாரோ ஒரு வரலட்சுமிதானா என்று சின்னதாக ஓர் ஏமாற்றம். அதை அவர் சொல்லவில்லை. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டார். செலின் பெரிய மனசு பண்ணி மன்னித்தாள்.

மறுநாள் ரயிலில், ஊசிமல்லியைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக மாதா மேல் ஆணையிட்டார். அன்று முதல் வாரம் நாலு பக்கம் எழுதினார். தலைவலி வந்தாலும் எழுதினார். அவர் நியாயமாக எழுதியதெல்லாம் பத்திரிகையில் எப்படியோ நகைச்சுவையாகவே வந்தது. செலினிடம் முறையிட்டார். அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றாள். ஒரு பக்கமாக இருந்த 'எங்க வீட்டுக்காரர்' இரண்டு பக்கமானது.

ஆண்டுமலர் வந்தது. எழுத்தாளர்களின் படத்தைப் போட்டு அறிமுகம் செய்திருந்தார்கள். சம்பத் அன்று சத்தமாக வாசிக்கவில்லை. பத்திரிகையைப் பார்த்தார், இக்னேஷியஸைப் பார்த்தார், பத்திரிகையை நீட்டினார்.

படத்தில் தையல் மெஷின் முன்னால் செலின் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பேட்டி: "நான் எழுதுவதில் பாதிக்குமேல் என் கணவருடையது. வாரம் தவறாமல் கைப்பட நாலு பக்கம் எழுதித் தருகிறார்."

பெட்டியே அவரைப் பார்த்தது. மாதாவும் பார்த்திருப்பாள்.

சாயங்காலம் வீடு வந்து சட்டையைக் கழற்றினார். நாலாக மடிக்கப் போனவர் செலின் கவனிப்பதைப் பார்த்து, கசக்கி மூலையில் எறிந்தார்.

"வரலட்சுமி யாரு?"

"ஜாக்கெட் தைக்க வர்றவங்கதான். அது பொய்யில்ல."

"எங்கைல ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க எய்திக் குடுத்திருப்பீங்களா?"

செலின் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இந்த வாரத்துது முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் அரைப்பக்கம் கீது," என்றார் இக்னேஷியஸ்.