இருநூறு வாட்ஸ் போதும்

அமெரிக்காவில் மாவு ஆட்டுவதில்லை என்று மதுரையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

காரணம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் மனைவி சோணையம்மாள் ஊறின உளுந்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "சும்மாதானே இருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஆனையூர் வீட்டில் வாரம் இரண்டு தடவை கிரைண்டர் என் பொறுப்பு. ஆறு வருஷத்தில் அறுநூற்றுப் பதினொரு தடவை ஆட்டியிருக்கிறேன். பதின்மூன்று தடவை விட்டுப்போனது. அதில் ஒன்பது மின்வெட்டு, நான்கு காய்ச்சல். நான்கு காய்ச்சலில் இரண்டை அவள் இன்னும் நம்பவில்லை.

எங்கள் மகள் ரோகிணி நியூ ஜெர்சியில் இருக்கிறாள். மூன்று மாசம் வந்து இருங்கள் என்று டிக்கெட் அனுப்பினாள். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை இல்லை. ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி, கையில் மாவு ஒட்டாத மூன்று மாசம். அது போதும்.

பெட்டி கட்டத் தொடங்கிய அன்று பார்க்கிறேன், சோணை கிரைண்டர் கல்லைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இது எதுக்கு?"

"எதுக்கா? பிள்ளை அங்க மிக்ஸில அரைச்சு இட்லி ஊத்துறா. போன வாரம் வீடியோல பாத்தேன். தட்டுல வச்சா டொக்குனு சத்தம் கேக்குது."

நான் கூச்சக்காரன். யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதில்லை. சோணையிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை. நான் சொல்லாததைக் கரண்ட் சொல்லட்டும் என்று விட்டேன்.

"அங்க கரண்டே வேற. நமக்கு இருநூத்து முப்பது வோல்ட்டு. அவங்களுக்கு நூத்துப்பத்து, நூத்திருபதுதான். இதைச் சொருகினா டிரம் சுத்தாது. முனகிக்கிட்டு நிக்கும்."

"அம்புட்டுப் பெரிய ஊர்ல கரண்டு இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"அப்ப அங்க இருக்குற நம்ம ஆளுக எல்லாம் எதுல ஆட்டுறாங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"மன்சூருக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க கேட்டுட்டு வாரீங்களா, நான் போகவா?"

"நானே போறேன்."

மன்சூர் அவனியாபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். எங்கள் கிரைண்டருக்கே இரண்டு தடவை கட்டியிருக்கிறார். முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வேண்டிக்கொண்டு போனேன்.

"இது ஒரு விஷயமாண்ணே? நூத்துப்பத்தை இருநூத்து முப்பதாக்குற கன்வெர்ட்டர் கட்டித் தாரேன். உங்க மோட்டாரு நூத்தம்பது வாட்ஸ். ஆனா மோட்டாரு கெளம்புறப்ப மூணு மடங்கு இழுக்கும். ஓட ஆரம்பிச்சிட்டா அடங்கிரும். அதனால ஐந்நூறு வாட்ஸா கட்டிருவோம்."

கெளம்புறப்ப என்ற வார்த்தையில் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

"நூத்தம்பது வாட்ஸுக்கு இருநூறு போதாதா?"

"ஓடுறதுக்குப் போதும். கெளம்புறதுக்குப் போதாது."

"மோட்டாரு எரிஞ்சு போகுமா?"

"ஃபியூஸ் வப்பேன்ல. ஃபியூஸ்தான் போகும்."

"அப்ப இருநூறே கட்டுங்க."

"அண்ணே! நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஐந்நூறு எம்புட்டு எடை வரும்?"

"ஆறரைக் கிலோ."

"இருநூறு?"

"மூணு."

"பாத்தீங்களா, மூணரைக் கிலோ மிச்சம். பிளேன்ல பெட்டிக்கு இருபத்து மூணு கிலோதான் விடுறான்."

மன்சூர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சொன்ன கணக்கில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து, "கட்டச் சொல்லியாச்சு, மூணரைக் கிலோ மிச்சம் பிடிச்சேன்" என்றேன். சோணை ரொம்பச் சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நியூ ஜெர்சியில் நான்காம் நாள். காலை பத்து பத்து. அடுப்பு மேடையில் கிரைண்டர், பக்கத்தில் கன்வெர்ட்டர். உளுந்து ஊறியிருந்தது. நான் ஜன்னல் ஓரத்து நாற்காலியில். ரோகிணி சுவிட்சைப் போட்டாள்.

ம்ம்ம் என்று ஒரு முனகல். டிரம் அசையவில்லை. டப். அவ்வளவுதான்.

"ஃபியூஸ் போச்சு" என்றேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "எம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வந்தோம்! இந்த ஊர்ல இந்த ஃபியூஸை எங்கன்னு தேடுறது?"

"தேட வேணாம்."

சோணை கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஃபியூஸ். எண்ணினேன். பத்து. தப்பாக இருக்கலாம் என்று மறுபடி எண்ணினேன். பத்துதான்.

"இது ஏது?"

"மன்சூர் குடுத்துவிட்டாரு. நீங்க போயிட்டு வந்த மறுநாளே போன் பண்ணாரு."

"என்னத்துக்கு?"

"எந்திரிச்சு வாங்க, சொல்றேன். முதல்ல ஃபியூஸை மாத்துங்க. மாத்தியாச்சா? இப்ப உளுந்தைப் போடாதீங்க. வெறும் கல்லோட டிரம்மைக் கையால சுத்தி விடுங்க. சுத்திக்கிட்டு இருக்கப்பவே ரோகிணி சுவிட்சைப் போடுவா. கெளம்புனதும் கையை எடுத்துருங்க. அப்புறம் உளுந்தைக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும்."

சுற்றி விட்டேன். டப்.

"அப்பா, என்னப்பா, பிள்ளையத் தட்டிக் குடுக்கிற மாதிரி தள்ளுறீங்க?" என்றாள் ரோகிணி.

"விடுடி. அவரு மெதுவாவே தள்ளட்டும். இன்னும் ஒம்பது ஃபியூஸ் இருக்கு" என்று சோணை என் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். "எனக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல."

அடுத்த தடவை ஒழுங்காகத் தள்ளினேன். பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது மட்டுமா? ஊரில் ஓடினதைவிட வேகமாக ஓடியது. இங்கே கரண்ட் வினாடிக்கு அறுபது சுற்று, நம் ஊரில் ஐம்பது, கன்வெர்ட்டர் அதை மாற்றாது என்று ரோகிணி விளக்கினாள். ஆனையூரில் முப்பது நிமிஷம் ஆட்டுகிற உளுந்து இங்கே இருபத்தைந்தில் பொங்கி வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் இட்லியைத் தட்டில் வைத்தபோது சத்தமே கேட்கவில்லை.

எட்டாவது இட்லி சாப்பிடும்போது ஒரு நம்பிக்கை வந்தது.

"சோணை, கொண்டாந்த உளுந்து எத்தனை நாளைக்கு வரும்?"

"ஊருக்குத் திரும்புற வரைக்கும் வரும். நீங்க மிச்சம் பிடிச்சீங்கள்ல மூணரைக் கிலோ, அதுலயும் உளுந்தைத்தான் அடைச்சேன்."

சட்னியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "மன்சூர் வேற என்ன சொன்னாரு?"

"அம்புட்டையும் சொல்லிட்டாரு. 'அண்ணனுக்குத் தெரிய வேணாம்க்கா, நான் ஐந்நூறாவே கட்டித் தாரேன்'னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"அதுன்னா சுவிட்சைப் போட்டதும் தானா ஓடிரும். ஆளே வேணாம். நீங்க பாட்டுக்கு ஜன்னல் ஓரமா ஒக்காந்துக்கிருவீங்க."

சொல்லிவிட்டு ஒன்பதாவது இட்லியை வைத்தாள். அன்றைக்கும் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

கன்வெர்ட்டர் இருநூறு வாட்ஸ். மீதி முந்நூறு வாட்ஸ் நான்.